கடதாசிப் பெட்டிக்குள் இருந்த ஆழ்வாப்பிள்ளை

எங்கள் கொக்குவில் வளவின் பின்னறையில் ஆண்டுக்கு ஒருதடவை ஒரு கமராவுக்குத் திவசம் நடந்தது.

சரஸ்வதி பூசைக்குக் கமராவுக்குப் பொட்டு வைப்பவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். இது அதுவல்ல. தலைவாழையிலையில் சோறு, பூசணிக்காய்க் கறி, வாழைக்காய்ப் பொரியல், ஒரு செம்பு தண்ணீர், ஓரமாய் ஒரு சுருட்டு. இத்தனைக்கும் முன்னால், மனிதருடைய படம் இருக்கவேண்டிய இடத்தில், நந்தியாவட்டை மாலை போட்டுக்கொண்டு ஒரு கமரா. படைத்தவள் சிவக்கொழுந்து. உள்ளே இருந்தவர் அவள் புருசன் ஆழ்வாப்பிள்ளை.

"படம் எங்கை?" என்று முதல் வருடம் ஐயர் கேட்டார்.

"உள்ளுக்கை இருக்கிறார், ஐயா. நீங்கள் மந்திரத்தைச் சொல்லுங்கோ, அவருக்குக் கேட்கும்," என்றாள் சிவக்கொழுந்து.

ஐயர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மந்திரம் தொடங்கியது.

அது இரும்பும் தோலுமாய் இருக்கும் கமரா அல்ல. தீப்பெட்டியைப் பெரிதாக்கி நடுவில் ஒரு கண் வைத்ததுபோல, மஞ்சள் கடதாசி மட்டையால் மூடிய பெட்டி. மேலே ஒரு சதுர ஓட்டை. அதில் கண்ணை வைத்துப் பார்த்துப் பொத்தானை அமத்த வேண்டும். பிலிம் முடிந்ததும் கடையில் கொடுத்தால் பெட்டியை உடைத்துப் பிலிமைக் கழுவிப் படங்களைத் தருவார்கள். பெட்டி குப்பைக்குப் போகும். அது வந்த ஜேர்மனியில் கமராவையே எறிந்துவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எங்கள் ஒழுங்கையில் ஒரு கிழமைக்கு வேறு கதை இருக்கவில்லை. ஐஸ்கிறீம் குடிக்கிற சிரட்டை போல என்றார் ஒருவர். சிரட்டையையே நாங்கள் எறிவதில்லை, அடுப்புக்குள் வைப்போம் என்றார் மற்றவர்.

சிவக்கொழுந்து மயிலிட்டிக்காரி. மயிலிட்டித் துறைமுகத்தில் பிறந்து, அதன் கரையிலேயே கலியாணம் கட்டி, அதன் மீனைக் கடகத்தில் சுமந்து விற்று வாழ்ந்தவள். தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை தொடங்கி, ஊரோடு எழும்பி வந்தார்கள். ஒரு கையில் மகள் பாலேஸ்வரி, மற்றக் கையில் அரிசிப் பானை, மடியில் கமரா. ஆழ்வாப்பிள்ளை வலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். வள்ளத்தைத் தூக்க முடியவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது, நெஞ்சு நோகுதென்று கரும்பலகைக்குக் கீழே சாய்ந்தவர் பிறகு நிமிரவில்லை. அன்றே எரித்தார்கள். எங்கள் வழக்கத்தில் செத்தவீட்டுக்குப் படக்காரனைக் கூப்பிட்டு, பிரேதப் பெட்டியைச் சுற்றிச் சொந்தக்காரர் நின்று ஒரு படம் எடுத்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்புவோம். அந்தப் பள்ளிக்கூடத்தில் படம்பிடிக்கவும் ஆளில்லை, சுற்றி நிற்கவும் ஆளில்லை.

கலியாணப் படம் மயிலிட்டி வீட்டுச் சுவரில் தங்கிவிட்டது. மூத்த மகன் ஜேர்மனிக்குப் போகிற வழியில் உடுப்புப் பையையே பறிகொடுத்தவன், அவனிடமும் ஒன்றுமில்லை. அடையாள அட்டை இருந்ததே என்பீர்கள். இருந்தது. கடலோடியின் மடியில் கிடந்து கிடந்து, முகம் இருக்கவேண்டிய இடத்தில் உப்புப் பூத்திருந்தது.

ஆகவே உலகத்தில் ஆழ்வாப்பிள்ளையின் முகம் இருந்த ஒரே இடம் அந்தப் பெட்டி.

பின்னறைக்குக் குடிவந்த சிவக்கொழுந்து நாவாந்துறையில் மீன் வாங்கிக் கொக்குவில் முழுக்க விற்றாள். அவள் குரல் றெயில் பாதையைத் தாண்டும்போதே எங்கள் பூனை எழும்பிப் போய் ஒழுங்கை முகப்பில் நின்று கூட்டிவரும். பின்னால் நாலு வீட்டுப் பூனைகள், அதற்குப் பின்னால் ஒரு நாய், அதற்குப் பின்னால் கடன் சொல்லி மீன் வாங்குகிற எங்கள் தபாற்காரர். நம்பாவிட்டால் போங்கள்.

பின்னேரங்களில் கிணற்றடியில் கடகத்தைக் கழுவிக்கொண்டே அவள், பள்ளிக்கூட ரீச்சரான என்னிடம் புருசனைப் பற்றிக் கதைப்பாள். ஆழ்வாப்பிள்ளை சிரிக்காத மனிதர். அவருக்குச் சிரிப்பு வந்தால் வள்ளத்தை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய், ஆளில்லாத இடத்தில் சிரித்து முடித்துவிட்டுத்தான் கரைக்கு வருவாராம். அப்படிப்பட்டவர் ஒரேயொரு நாள் கரையில் நின்று சிரித்தார்.

"மகன் உந்தக் கமராவை ஆரிட்டையோ குடுத்து அனுப்பினவன், ரீச்சரம்மா. ஒருத்தரையும் தொட விடேல்லை இந்த மனுசன். வள்ளத்தை எடுத்தார், பிள்ளையை எடுத்தார், காயப்போட்ட கருவாட்டையும் எடுத்தார். நான்தான் பறிச்சு, 'நில்லுங்கோ, உங்களை ஒருக்கா எடுப்பம்' எண்டன். வள்ளத்தோடை சாஞ்சு நிண்டார். நான் கண்ணை வைச்சுப் பாக்கிறன், மனுசன் சிரிக்குது! பல்லெல்லாம் தெரியச் சிரிக்குது! 'என்னப்பா சிரிக்கிறியள்?' எண்டு கேட்டன். 'ஒண்டுமில்லை, அமத்து, வடிவாய் வரும்' எண்டார். நான் அமத்திப்போட்டன். அந்தச் சிரிப்பு உதுக்குள்ளை இருக்கு."

"அப்ப ஏன் இன்னும் கழுவாமல் வைச்சிருக்கிறீர்?"

"பிலிம் முடியேல்லையே! பாதி அப்பிடியே கிடக்கு. முடியாத பிலிமைக் கழுவக் குடுக்கிறதோ?"

"எடுத்து முடியுமன். பூனையை எடும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பூனையையும் தபாற்காரரையும் அவரோடை ஏத்தினால், அவருக்கு உள்ளுக்கை இடம் நெருக்கமாய்ப் போடும்."

சிக்கனமென்று ஒழுங்கையில் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், பாலேஸ்வரிக்குக் கலியாணம் பேசி வரும்வரை.

மாப்பிள்ளை இராசநாயகம், பருத்தித்துறைப் பக்கத்துக் கடலோடிக் குடும்பம். ஆழ்வாப்பிள்ளையை ஒருநாளும் கண்டறியாதவர்கள். கலியாணத்தை எங்கள் வீட்டு விறாந்தையில் வைப்பதென்று முடிவாகியது. தாலி கட்டிய கையோடு பொம்பிளையும் மாப்பிள்ளையும் பெண்ணின் தகப்பனுடைய படத்தை விழுந்து கும்பிடவேண்டும். அன்றைக்குத்தான் பாலேஸ்வரி வாயைத் திறந்தாள்.

"எணை அம்மா, ஒரு மட்டைப் பெட்டியை விழுந்து கும்பிடச் சொல்லுறியளோ? அவையள் சிரிப்பினம்."

"சிரிச்சால் சிரிக்கட்டும். அவரும் சிரிச்சுக்கொண்டுதான் இருக்கிறார்."

"கழுவுங்கோவன். கழுவினால் என்ன?"

சிவக்கொழுந்து கடகத்தைக் கழுவியது போதாதென்று மறுபடியும் கழுவினாள். மகள் உள்ளே போனபிறகு மெல்ல என்னிடம் சொன்னாள்:

"ரீச்சரம்மா, பெட்டி மூடிக் கிடக்கும் மட்டும் அவர் இருக்கிறார். திறந்து பாத்து அவர் இல்லையெண்டால்? மனுசனை ரெண்டாந்தரம் எரிச்சதாய்ப் போடும்."

எதற்கும் ஒரு கதை சொல்லித் தப்புகிறவள் நான். அன்றைக்கு நான் வாளியைக் கிணற்றுக்குள் விட்டு இறைக்கத் தொடங்கினேன்.

உள்ளேயிருந்து பாலேஸ்வரியின் குரல் வந்தது. அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. "அப்பான்ரை முகம் எனக்கு மறந்து போச்சம்மா. கண்ணை மூடினால் கமராதான் வருகுது."

சிவக்கொழுந்து கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். பெட்டியில் காய்ந்து கிடந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி எடுத்தாள். மூவரும் புறப்பட்டோம்.

கனிசியஸ் என்பவர் சந்திக்குப் பக்கத்தில் ஸ்ரூடியோ வைத்திருந்தார். வைத்திருந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. சண்டையால் பற்றரியும் பிலிமும் வடக்கே வரத் தடை, மின்சாரமும் இல்லை. யன்னலைக் கறுத்தச் சீலையால் மூடி, அதில் ஒரு ஓட்டை விட்டு, வெளியே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்து, சூரியனைப் பிடித்து உள்ளே இழுத்துத்தான் அவர் படம் அச்சடித்தார். வானம் மப்பு மூடினால் கடைக்கு விடுமுறை. பெட்டியைக் கையில் வாங்கிய மனிதர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்பிடியொண்டை நான் இன்னும் உடைச்சதில்லை, அக்கா. உது கலர் பிலிம். என்னட்டை இருக்கிற மருந்துக்குக் கறுப்பு வெள்ளைதான் வரும், அதுவும் மங்கலாய். கலர் வேணுமெண்டால் கிளாலிக் களப்பைக் கடந்து கொழும்புக்குப் போற ஆரிட்டையும் குடுத்து விடுங்கோ."

"நடுக்கடல்லை நிண்ட மனுசனைக் களப்பிலை ஒளிச்சு அனுப்பவோ?" என்றாள் சிவக்கொழுந்து. "இஞ்சையே கழுவு, தம்பி. அவர் கறுப்புத்தான். பல்லு மட்டும் வெள்ளை."

கனிசியஸ் கூலி கேட்கவில்லை. பாதிப் பிலிம் எடுக்காமல் கிடக்கிறதென்று கேட்டதும் அவர் கண் மினுங்கியது. "அந்த மிச்சப் பிலிமை எனக்கு விடுங்கோ, அது போதும்," என்றார். அந்த நாளில் பிலிம் பொன்னைப்போல. சரியென்று தலையாட்டினோம்.

அவர் இருட்டறைக்குள் போனார். மட்டை கிழிபடும் சத்தம் கேட்டது. சிவக்கொழுந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள், பிள்ளைக்கு ஊசி போடும்போது தாய் திரும்பிக்கொள்வதுபோல.

வெகுநேரம் கழித்துக் கனிசியஸ் வெளியே வந்தார். கையில் ஈரம் சொட்டும் பிலிம் துண்டு. அதை வெளிச்சத்தில் பிடித்தார். கழுவிய கண்ணாடிபோல அது சும்மா இருந்தது.

"அக்கா… ஒண்டுமில்லை. ஒரு படமும் விழேல்லை."

பாலேஸ்வரி அழத் தொடங்கினாள். கனிசியஸ் தன் கதிரையில் இருந்துவிட்டார். நான் சிவக்கொழுந்தைப் பார்த்தேன். அவள் அழவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது என்ன, தம்பி?"

மேசையில் பிலிம் சுற்றுகிற சின்னத் தகர உருளை கிடந்தது.

"அது மிச்சம், அக்கா. எடுக்காத பிலிம் உருளைக்குள்ளை இருக்கும், எடுத்த பிலிம் வெளியிலை சுத்தியிருக்கும். எந்தக் கமராவிலும் அப்பிடித்தான். வெளியிலை இருந்ததை வெட்டித்தான் கழுவினனான். உது என்ரை கூலி."

"அதையும் கழுவு."

"கழுவினால் வீணாய்ப் போமக்கா! புதுப் பிலிம்! நான் பத்துப் பேரைப் படம் பிடிக்கலாம்."

"அவரை உனக்குத் தெரியாது, தம்பி," என்றாள் சிவக்கொழுந்து. "கலியாணவீடு எண்டாலும் செத்தவீடு எண்டாலும் வெளியிலை வந்து நிக்கிற ஆளில்லை. உள்ளுக்கை எங்கையும் ஒரு மூலையிலைதான் இருப்பார். கழுவு."

கனிசியஸ் என்னைப் பார்த்தார். படித்தவள், புத்தி சொல்வேன் என்று நினைத்திருப்பார். நானோ அவர் சொன்னதுதான் சரியென்று நினைத்துக்கொண்டு, "கழுவும்" என்றேன். பத்துப் பேரின் முகத்தை ஒருத்தியின் பிடிவாதத்துக்காக மருந்துக்குள் போட அவருக்கு மனம் வரவில்லை. உருளையை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு எழும்பி உள்ளே போனார்.

அந்தக் கடதாசிக் கமராவின் கூத்து எங்கள் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதில் பிலிமை முதலிலேயே முழுவதும் வெளியே இழுத்து வைத்திருப்பார்களாம். படம் எடுக்க எடுக்க அது உருளைக்குள் திரும்பிப் போகுமாம். மற்றக் கமராக்களுக்கு நேர் எதிர். ஆழ்வாப்பிள்ளை எடுத்ததெல்லாம் பத்திரமாய் உள்ளேதான் இருந்தது.

இருட்டறைக்குள்ளிருந்து, "என்ரை மாதாவே!" என்று ஒரு சத்தம் வந்தது.

பிலிமைக் காயப்போட்டு, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தோம். வெள்ளை கறுப்பாய், கறுப்பு வெள்ளையாய். வள்ளம், கருவாட்டுப் பாய், இரட்டைப் பின்னலோடு பாலேஸ்வரி, கிணறு, கடல், மறுபடியும் கடல், மறுபடியும் வள்ளம். எல்லாம் அவர் எடுத்தவை. எடுத்தவர் எதிலும் இல்லை. கடைசிச் சதுரத்தில் மட்டும் ஒரு பெரிய முகம் அடைத்துக்கொண்டு நின்றது.

"அதுதான்," என்றாள் சிவக்கொழுந்து. "அதுதான் நான் எடுத்தது. அதை அச்சடி."

கனிசியஸிடம் அச்சடிக்கிற கடதாசியும் அருமை. ஒன்றுதான் தரமுடியும் என்றார். வெளியே கண்ணாடியைச் சூரியனுக்குத் திருப்பினார். அந்த நேரம் பார்த்து ஒரு முகில் வந்தது. சிவக்கொழுந்து முற்றத்தில் நின்று அந்த முகிலைத் திட்டிய திட்டை இங்கே எழுதமுடியாது. ஆனால் முகில் விலகிவிட்டது, சத்தியம்.

மருந்துத் தட்டில் கடதாசி மிதந்தது. முதலில் கறுப்புக்கு நடுவே பல் தெரிந்தது. பிறகு ஒரு மூக்கு. கன்னம். கலங்கிய தண்ணீருக்குள் இருந்து மேலே வருவதுபோல ஒரு முகம், மிகக் கிட்டத்தில், மங்கி, பாதி சரிந்து, ஆனால் முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தது. ஒரு கண் மூடியிருந்தது. மூக்கோரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி.

சிவக்கொழுந்து குனிந்து பார்த்தாள். "இவர் ஏன் இப்பிடி வீங்கியிருக்கிறார்?"

பாலேஸ்வரி கிட்டப் போனாள். வெள்ளைப் புள்ளியைத் தொட்டாள்.

"அம்மா, இது மூக்குத்தி. இது நீங்கள்."

கனிசியஸ் உடைந்த பெட்டியை எடுத்துக் கண்ணில் வைத்தார். பிறகு மறுபக்கமாய்த் திருப்பிக் கண்ணில் வைத்தார். மேலே இருந்த ஓட்டைக்குள் இரண்டு பக்கத்தாலும் ஒரேமாதிரித்தான் தெரிந்தது.

"அக்கா, நீங்கள் கமராவைப் பின்முன்னாய்ப் பிடிச்சிருக்கிறியள். உங்களை நீங்களே எடுத்திருக்கிறியள்."

சிவக்கொழுந்து கதிரையில் இருந்தாள். அவள் முகத்தில் நான் அழுகையை எதிர்பார்த்தேன். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். வலையில் ஏதோ கனக்கிறது, என்னவென்று தெரியவில்லை என்பதுபோன்ற யோசனை.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள் கடைசியில். "எதிரிலை நிண்டவரெல்லே? கமராவின்ரை முதுகு தன்னைப் பாக்குது எண்டு கண்டிருப்பார். அதுதான் சிரிச்சவர். வள்ளத்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சவர். நான் கேட்டன், சொல்லேல்லை. 'அமத்து, வடிவாய் வரும்' எண்டார், கள்ள மனுசன்." படத்தை மறுபடியும் எட்டிப் பார்த்து, "அவர் சிரிக்க, நானும் என்னெண்டு தெரியாமல் சிரிச்சிருக்கிறன்," என்றாள்.

பிறகுதான் அழுதாள். கனிசியஸ் முதுகைக் காட்டிக்கொண்டு தட்டுகளைக் கழுவினார். அவர் எங்களுக்காக அழுதாரா, போன பிலிமுக்காக அழுதாரா என்று எனக்குத் தெரியாது.

திரும்பிவரும் வழியில் நான் சொன்னேன், கலியாணத்துக்கு ஒரு சுவாமிப் படத்தை வைத்துச் சமாளிப்போம் என்று. பாலேஸ்வரி படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தாள். "இதைத்தான் வைக்கிறது," என்றாள்.

"பைத்தியமே உனக்கு? உயிரோடை இருக்கிறவளை விழுந்து கும்பிட வைக்கிறதோ? அதுவும் நான் தாலியறுத்தவள். விறாந்தைப் பக்கமே வரக்கூடாது."

"நீங்கள் வரவேண்டாம், அம்மா. குசினிக்கை நில்லுங்கோ. உங்கடை படம் நிக்கட்டும்."

சிவக்கொழுந்து நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்து ஓய்ந்து, இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்.

கலியாணத்தன்று என் வீட்டுப் பழைய பிரேம் ஒன்றுக்குள் அந்தப் படத்தைப் போட்டு, விறாந்தையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்தோம். மாலை போடவில்லை. உயிரோடு இருக்கிறவளுக்கு மாலை போட என் துணிச்சலும் போதாது. சிவக்கொழுந்து விடியவே குசினிக்குள் போய்விட்டாள். கன்னிகாதானத்தைச் சிவக்கொழுந்தின் தமையனும் அவர் பெண்சாதியும் செய்தார்கள். நல்லவேளையாய் அன்று குண்டு போடுகிற பொம்மர் வரவில்லை. தாலி ஏறியது.

மாப்பிள்ளையின் பெரியதாய் கமலாவதி, எதையும் கிட்டப் போய்ப் பார்க்கிற மனுசி, படத்தடிக்கு வந்தாள்.

"உவர்தான் தேப்பனோ?"

"வேறை ஆர்?" என்றேன்.

"மூக்கிலை என்ன வெள்ளையாய்?"

"கழுவேக்கை விழுந்த புள்ளி. மருந்துத் தட்டுப்பாடெல்லே."

"மாலை ஒண்டு போட்டிருக்கலாமே?"

"மாலை மணத்தால் அவருக்குத் தும்மல் வரும். அவர் மயிலிட்டியிலை தும்மினால் கீரிமலையிலை குளிக்கிறவை கரையேறிப் போடுவினம். நல்ல நாளும் அதுவுமாய் எதுக்கு?"

கமலாவதி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். பிறகு மணவறையில் இருந்து எழும்பி வருகிற பாலேஸ்வரியைப் பார்த்தாள். அவள் முகம் இளகியது.

"ஆனால் ஒண்டு சொல்லுவன். பிள்ளைக்குத் தேப்பன்ரை சிரிப்பு அப்பிடியே."

குசினிக்குள் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

பாலேஸ்வரியும் இராசநாயகமும் படத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டார்கள். மாப்பிள்ளை எழும்பிவிட்டான். அவள் எழும்ப நேரமெடுத்தது. எழும்பியவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, படத்தைப் பாராமல், குசினிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது.

"என்ன பிள்ளை?" என்றாள் கமலாவதி. "தேப்பனைக் கும்பிட்டிட்டு அங்காலை என்னத்தைப் பாத்துச் சிரிக்கிறாய்?"

"ஒண்டுமில்லை, மாமி," என்றாள் பாலேஸ்வரி. "வடிவாய் வந்திருக்கு."